ஒரே ஒரு கொக்கி

மாமா,

இன்று காலை ஆஸ்பத்திரிக் கார் தரிப்பிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, முழங்காலுக்குப் பூசலாமென்று கைப்பைக்குள் தைலப் போத்தலைத் தேடினேன். மூடி சரியாக இறுகாமல் அது கவிழ்ந்து பை முழுவதும் ஊறியிருந்தது. கைக்குட்டை, திறப்புக்கொத்து, மத்தியானத்துக்கென்று கொண்டுவந்த வாழைப்பழம் எல்லாவற்றிலும் அதே வாசனை. எரிச்சலோடு துடைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை நிறுத்திவிட்டேன். பக்கத்து இருக்கையில் நீங்கள் கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுத்து, "டிரெஸ்ஸிங் ரூம்" என்று சொன்னதுபோல இருந்தது.

தைலப் போத்தலைத் திறக்கும்போதெல்லாம் நீங்கள் வருவது எனக்குப் பழகிப்போன விஷயம். இன்றைக்கு மட்டும் உங்களிடம் கேட்க ஒன்று இருந்தது. எங்கள் வார்ட்டில் ஒரு நிரந்தர இடம் காலியாகியிருக்கிறது. அதை யாருக்குக் கொடுப்பது என்று பேச ஒரு கூட்டம். கேட்டிருப்பவர்களில் ஒருத்தி தீபா. கோயம்புத்தூர்ப் பிள்ளை, மெல்பேர்ணின் மேற்கு ஓரத்து வெரிபீயிலிருந்து நகரத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கார் ஓட்டி வருகிறாள். எந்த வார்ட்டில் ஆள் குறைகிறதோ அங்கே அனுப்பப்படும் நேர்ஸ்களில் அவளும் ஒருத்தி. அதற்கு இங்கே பூல் என்று பெயர். நானும் அங்கேதான் கிடந்தேன், உங்களுக்குத் தெரியாததல்ல. கூட்டத்தில் என்ன சொல்வார்கள் என்று கார் கண்ணாடிக்கு முன்னால் இருந்தபடியே எனக்குத் தெரிந்தது. எங்கே விட்டாலும் நன்றாகச் செய்கிறவள், அவளைப் பூலிலிருந்து எடுத்துவிட்டால் நாங்கள் என்ன செய்வது என்பார்கள். அதைச் சிரித்த முகத்தோடு, பாராட்டாகவே சொல்வார்கள்.

அந்தப் பாராட்டை உங்களைவிட அதிகமாகக் கேட்டவர் யாராவது இருக்க முடியுமா?

உங்களை முதன்முதலாகச் சந்திக்க வந்த அன்றைக்கு எனக்குப் பயத்தில் தலையிடி. யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தியை வெள்ளைக்காரக் குடும்பம் எப்படிப் பார்க்கும் என்று யோசித்து யோசித்து, நெற்றி இரண்டு பக்கமும் தைலத்தை அப்பிக்கொண்டு வந்தேன். உங்கள் மகன் காரில் ஜன்னலைத் திறந்துவிட்டு ஓட்டினார். நீங்கள் கதவைத் திறந்தீர்கள். அவர் என் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் மூக்கு விரிந்தது. "டிரெஸ்ஸிங் ரூம்" என்றீர்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவமானமாகக்கூட இருந்தது. இங்கிலாந்தில் நீங்கள் உதைபந்து ஆடிய காலத்தில், உடுப்பு மாற்றும் அறையில் ஆட்டத்துக்கு முன் காலில் தேய்த்த எண்ணெய்க்கும் எங்கள் வீட்டுத் தைலத்துக்கும் ஒரே வாசனை என்று பிறகுதான் சொன்னீர்கள். பல வருடங்களாக அந்த வாசனை கிடைக்கவில்லை என்று சொல்லி, என்னைத் தேநீர் குடிக்க உள்ளே அழைத்தீர்கள். எங்கள் ஆட்கள் "இரும்மா" என்று சொல்கிற இடத்தில் "லவ்" என்றீர்கள். இங்கிலாந்தின் வடக்கில் கடைக்காரிகூட அப்படித்தான் கூப்பிடுவாள் என்று தெரியாத என் அப்பா, எங்கள் கலியாணத்துக்குப் பிறகு ஊரிலிருந்து வந்த புதிதில் என்னிடம் முறைப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்.

நீங்கள் ஆங்கிலத்தில் சொன்னதெல்லாம் எனக்குள் தமிழிலேயே தங்கிவிட்டது. அதனால் உங்கள் வாயில் தமிழைப் போட்டுத்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆட்ட வாழ்க்கையை நான் ஒரே மூச்சில் கேட்டதில்லை. உங்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கும்போது துண்டு துண்டாக வரும். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, கட்டாய இராணுவச் சேவையையும் முடித்துக்கொண்டு வந்தபோது, கிளப் உங்களை வலப்பக்கப் பின்வரிசைக்கு எடுத்தது. அந்த இடத்தில் நிற்க உங்களுக்குப் பிடித்திருந்தது. மைதானம் முழுவதும் கண்ணுக்கு முன்னால் விரிந்திருக்கும் என்பீர்கள். கொஞ்சக் காலத்தில் இடப்பக்க ஆட்டக்காரருக்குக் கால் முறிந்தது. உங்களை அங்கே மாற்றினார்கள். நடுக்களத்தில் ஒருவர் பயிற்சியாளரோடு சண்டை பிடித்துக்கொண்டு போனார், அங்கே மாற்றினார்கள். முன்வரிசைக்காரரை வேறு கிளப்புக்கு விற்றார்கள். நீங்கள் முன்னுக்குப் போய்ப் போதிய கோல்கள் போட்டீர்கள். அந்த மகிழ்ச்சியில் புதிதாக ஒரு முன்வரிசைக்காரரை வாங்கினார்கள், உங்களைத் திரும்பப் பின்னுக்கு அனுப்பினார்கள். மாற்று ஆட்டக்காரர் என்ற பேச்சே இல்லாத காலம் அது. ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் கோல் காப்பவருக்குத் தோள் எலும்பு உடைந்தபோது, யாரும் கேட்காமலே அவருடைய ஜேர்சியைக் கழற்றி நீங்கள் போட்டுக்கொண்டீர்கள்.

"என்னை ஒருநாளும் நீக்கவில்லை, நகர்த்தினார்கள்" என்பீர்கள்.

இப்போதுபோல ஜேர்சியில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். எண் என்றால் இடம். இரண்டு என்றால் வலப்பக்கப் பின்வரிசை, ஒன்பது என்றால் முன்வரிசை நடு. உடுப்பு மாற்றும் அறையில் சுவரோடு வரிசையாகக் கொக்கிகள் இருக்கும், அவையும் எண்ணின்படிதான். மற்றவர்கள் வருடக் கணக்காக ஒரே கொக்கியில் கோட்டை மாட்டினார்கள். உங்கள் கோட்டு சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை இடம் மாறியது. வெள்ளிக்கிழமைகளில் அணியின் பெயர்களைச் சுவரில் ஒட்டும்போது மற்றவர்கள் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். நீங்கள் அது எங்கே இருக்கிறது என்று பார்ப்பீர்களாம். ஒருமுறை நாட்டு அணிக்கு ஆள் தேடுகிறவர்கள் உங்களைப் பின்வரிசையில் பார்க்கவென்றே வந்தார்கள். அன்றைக்கு நீங்கள் முன்வரிசையில் நின்றீர்கள். இதை நீங்கள் சிரித்துக்கொண்டு சொன்னீர்கள், நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்தப் பயிற்சியாளர் மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் செத்துப்போயிருப்பார் என்று நினைத்தும் கோபம் குறையவில்லை.

மாமியையும் சின்ன மகனையும் கூட்டிக்கொண்டு கப்பலேறி மெல்பேர்ண் வந்தபோது உங்களுக்கு ஆட்ட வயது முடியும் தறுவாய். பகலில் கார்த் தொழிற்சாலை, மாலையில் கிரேக்கரும் இத்தாலியரும் ஒல்லாந்தரும் சேர்ந்து நடத்திய ஒரு சின்னக் கிளப். புதிய நாட்டில் புதிதாகத் தொடங்கலாம், வலப்பக்கம் என்று சொல்லிவிடுங்கள் என்று மாமி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாராம். அங்கே, "எந்த இடத்தில் ஆடுவாய்?" என்று கேட்டபோது உங்கள் வாய் தானாக, "எங்கே வேண்டுமானாலும்" என்றது. மாமி உங்களோடு ஒரு கிழமை பேசவில்லை. அவரை நான் பார்த்ததில்லை. அந்த ஒரு கதைக்காகவே அவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

மாமி போனபின், முழங்கால்களும் கைவிட்டபின், கிளென் வேவர்லி வீட்டில் எங்களோடு இருக்க வந்தீர்கள். அறை சின்னது என்றோ, கறி உறைப்பு என்றோ நீங்கள் சொன்னதில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: தொப்பி மாட்ட ஒரு கொக்கி. உங்கள் மகன் தாராள மனதோடு கடைக்குப் போய், ஒரே பலகையில் வரிசையாகக் கொக்கிகள் அடித்த ஒன்றை வாங்கி வந்தார். நீங்கள் அதைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "இது வேண்டாம், ஒன்று போதும்" என்றீர்கள். குசினிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கொக்கியை நீங்களே திருகிப் பூட்டினீர்கள். ஊரிலிருந்து அப்போதுதான் வந்திருந்த என் அப்பா அதில் தன் குடையை மாட்டினார். நீங்கள் குடையை எடுத்து நிலத்தில் வைத்தீர்கள். மானம் போய்விட்டதென்று அப்பா அடுத்த நாள் முழுவதும் சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை. ஒரு கொக்கிக்கு இரண்டு கிழவர்கள் இப்படி முகத்தைத் தூக்கிக்கொண்டால் வீடு எப்படி உருப்படும் என்று நான் தலையில் கைவைத்தேன்.

நல்லவேளையாக அப்பாவுக்குக் கோபத்தைவிடப் பெருமையடிக்கும் ஆசை பெரிது. ஒரு பிறந்தநாள் விழாவில் மண்டபம் முழுவதும் உங்களைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு திரிந்தார். "உவர் என்ரை சம்பந்தி. இங்கிலாந்திலை பெரிய கிளப்புக்கு விளையாடினவர். ஓல்ரவுண்டர்!" என்று ஆள் ஆளாகச் சொன்னார். கிரிக்கெட்டைத் தவிர வேறு விளையாட்டை மதிக்காத மனிதர், தன் அகராதியிலிருந்த ஆகப் பெரிய பட்டத்தை எடுத்து உங்களுக்குக் கொடுத்துவிட்டார். கார் ஏறியதும், அவர் என்ன சொல்லித் திரிந்தார் என்று என்னிடம் கேட்டீர்கள். சொன்னேன். உங்கள் முகம் விழுந்துவிட்டது. உங்கள் ஆட்டத்தில் எல்லா இடத்துக்கும் பொருந்துகிற ஆள் என்றால் கார்ப் பெட்டிக்குள் கிடக்கும் உதிரி டயர் என்றீர்கள். அதை ஊரெல்லாம் சொல்லவேண்டுமா என்றும் கேட்டீர்கள். பின் இருக்கையிலிருந்த அப்பா, தான் ஏதோ நல்லது செய்துவிட்ட திருப்தியில் நித்திரையாகியிருந்தார்.

நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் கிரிக்கெட் டெஸ்ட் ஆட்டம் தொடங்கியபோதுதான் அந்தக் கதை திரும்ப வந்தது. நீங்கள் இருவரும் தொலைக்காட்சிக்கு முன் ஆளுக்கொரு கதிரையில். நான் நிலத்தில் இருந்து உங்கள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உதிரி டயர் கதையை அப்பாவிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னது? டயரோ? பிள்ளை, நீ வடிவா மொழிபெயர்த்துச் சொல்லு. எனக்கு இங்கிலிஷிலை பாதி தொண்டைக்குள்ளை நிண்டிடும். பதினொரு பேரை எழுதேக்கை ஆரின்ரை பேரை முதல் எழுதிறது? ஓல்ரவுண்டற்றை பேரை. அவரை எழுதிப்போட்டுத்தான் மிச்ச ஆக்களுக்கு இடம் பாக்கிறது. அவர் இல்லாட்டி அணியே இல்லை. சம்பந்தியிட்டைச் சொல்லு, அவையின்ரை ஆக்களுக்கு விளையாட்டுத் தெரியாது எண்டு."

உதைபந்தாட்டத்தை உலகுக்குக் கொடுத்த நாட்டுக்காரரிடம் இதை எப்படிச் சொல்வது? அப்படியே சொன்னேன். நீங்கள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு ஓவர் முடிந்து களத்தில் ஆட்கள் இடம் மாறினார்கள்.

"முதல் பேரா?" என்றீர்கள்.

அப்பாவுக்கு அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. "ஓம். முதல் பேர்."

அன்றைக்குப் பிறகு அப்பாவின் குடையை யாரும் நிலத்தில் வைக்கவில்லை. அவருக்கென்று இன்னொரு கொக்கியை, உங்களுடையதிலிருந்து நல்ல தள்ளி, வாசலில் நீங்களே பூட்டிக் கொடுத்தீர்கள். உங்களுக்குப் பிறகு அப்பாவும் போனபின் அது சுவரோடு பெயர்ந்து விழுந்துவிட்டது. உங்கள் மகன் இன்னும் திருத்தவில்லை.

மலையடிவாரத்தில் பேசின் என்ற ஊரிலுள்ள பிள்ளையார் கோவிலுக்கு நாங்கள் போகும்போது நீங்களும் வருவீர்கள். உள்ளே நின்று கும்பிட முழங்கால் விடாது. வெளியே மர வாங்கில் உட்கார்ந்து மலையைப் பார்த்தபடி மோதகம் சாப்பிடுவீர்கள். பூசை முடியுமுன் நான் ஒருநாள் வெளியே வந்து உங்களோடு இருந்தேன். யாருக்கும் சொல்லாததை அன்றைக்கு என்னிடம் சொன்னீர்கள்.

உங்கள் கிளப் பெரிய கோப்பையின் இறுதி ஆட்டம் வரைக்கும் போன வருடம். பதினொரு பேருக்கும் உடல் நலம். நீங்கள் பன்னிரண்டாவது ஆள். கடைசி நேரத்தில் யாருக்காவது சுகமில்லாமல் போனால் இறங்குவதற்காக ஒருவரைக் கூட்டிப் போவார்கள். எந்த இடத்துக்கும் பொருந்துகிற ஆளைவிட அதற்குத் தோதானவர் யார்? ஆட்டம் நடக்கும் காலையில் ஹோட்டல் அறையில் உங்களோடு தங்கிய இடப்பக்க முன்வரிசைக்காரர் வாந்தி எடுத்தார். உங்கள் கையைப் பிடித்து, யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினார். கீழே போய்ப் பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெரிய மைதானத்தில் நீங்கள் இறங்கியிருப்பீர்கள். நீங்கள் கீழே போனீர்கள். சுடுதண்ணீரும் சோடா உப்பும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தீர்கள். அவருக்குக் கரைத்துக் கொடுத்து, வயிற்றைத் தடவி, சப்பாத்து நாடாவையும் கட்டிவிட்டீர்கள். அவர் கொடுத்த பந்தில்தான் வெற்றிக் கோல் விழுந்தது. பதக்கம் வாங்க அவர்கள் படியேறியதை நீங்கள் கோட்டும் டையுமாகக் கீழே நின்று பார்த்தீர்கள்.

"நீங்கள் நல்லதுதான் செய்தீர்கள், மாமா" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், அதனால்தான் யாரிடமும் சொல்வதில்லை" என்றீர்கள். பிறகு விரலில் ஒட்டிய தேங்காய்ப்பூவைத் துடைத்துக்கொண்டு சொன்னதுதான் என்னை விட்டுப் போகவில்லை. "அன்றைக்குக் காலையில் குறைந்திருந்தது நோயாளியைப் பார்க்க ஒரு ஆள். நான் அந்த இடத்தை நிரப்பினேன், அவ்வளவுதான். நான் நல்லவனா, பழக்கப்பட்டவனா என்று இன்னும் தெரியவில்லை."

உள்ளே மணி அடித்தது. எனக்கு அழுகை வந்தது. நீங்கள் மிச்சமிருந்த மோதகத்தை என் கையில் வைத்தீர்கள்.

அந்தக் காலத்தில்தான் நான் பூலில் இருந்தேன். போன் அடித்தால் போதும், எந்த வார்ட் என்று கேட்குமுன்னரே "வாறன்" என்று சொல்லிவிடுவேன். எலும்பு முறிவு வார்ட்டில் ஒரு இடம் வந்தபோது, ஆசைப்பட்டுக் கேட்டேன். நீ பூலில் இருப்பதுதான் எங்களுக்குப் பிரயோசனம் என்று அப்போதைய பொறுப்பாளர் சொன்னார். வீட்டுக்கு வந்து அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன், மாமா. நீங்கள் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்த சத்தத்தில் அப்பாவே திரும்பிப் பார்த்தார். "யாருக்குப் பிரயோசனம்?" என்றீர்கள். உங்கள் முகம் சிவந்திருந்தது. உங்களை அப்படி நான் முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. மறுநாள், திரும்பப் போய்க் கேள் என்று, முழங்கால் வலியோடு என்னோடு காரில் ஏறினீர்கள். நான் கேட்டுவிட்டு வரும்வரை தரிப்பிடத்தில் இருந்து, என் மத்தியானச் சாப்பாட்டுக்கென்று நான் கட்டிவைத்திருந்த புட்டு முழுவதையும் சாப்பிட்டு முடித்திருந்தீர்கள். இடம் கிடைத்தது என்று சொன்னேன். பசி தெரியவில்லை என்றும் சொன்னேன்.

உங்களைக் கடைசியாக அனுப்பிவைத்த அன்றைக்குச் சவப்பெட்டிமேல் ஒரு ஜேர்சி வைக்கவேண்டும் என்று உங்கள் மகன் நினைத்தார். எந்த எண்ணை வைப்பது? பழைய ஒல்லாந்து நண்பர் நான்கு என்றார். கிரேக்கர் ஒன்பது என்றார். மகன் தடுமாறி நின்றபோது, அப்பா கோட்டுப் பைக்குள்ளிருந்து உங்கள் தொப்பியை எடுத்துப் பெட்டிமேல் வைத்தார். வீட்டிலிருந்து புறப்படும்போதே கொக்கியிலிருந்து எடுத்து வந்திருக்கிறார், எங்களிடம் மூச்சுக் காட்டவில்லை. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அதைத் திரும்ப அதே கொக்கியில் மாட்டினார். "இது அவரின்ரை இடம். ஒருத்தரும் தொடக்கூடாது" என்றார்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் இன்று கூட்டத்துக்குப் போனேன். இப்போது அந்த வார்ட்டுக்கு நான்தான் பொறுப்பு. நான் எதிர்பார்த்ததையே சொன்னார்கள், எதிர்பார்த்த அதே சிரிப்போடு. தீபா எங்கேயும் பொருந்துவாள், அவளை ஒரு இடத்தில் கட்டிப்போடுவது வீண் என்றார்கள். நான் ஒரு கேள்வி கேட்டேன். இந்த வார்ட்டை நாளைக்கு ஒன்றுமில்லாமல் புதிதாகத் தொடங்குவதென்றால் யாரை முதலில் எடுப்பீர்கள்? ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தீபாவை என்றார்கள். "அப்படியென்றால் அந்தப் பெயரை முதலில் எழுதுவோம், மிச்சத்துக்குப் பிறகு இடம் பார்ப்போம்" என்றேன். அப்பாவின் வார்த்தையை ஆங்கிலத்தில் சொல்லும்போது எனக்கும் பாதி தொண்டைக்குள் நின்றது. பூலுக்கு யார் என்று ஒருவர் முணுமுணுத்தார். அதற்குப் புதிதாக ஆள் எடுங்கள் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

தீபா மேல்மாடியில் வேறொரு வார்ட்டில் நின்றாள். தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நிஜமாவா அக்கா? எனக்கா?" என்றாள். முகம் முழுவதும் சிரிப்பு. அது அப்படியே பாதியில் நின்றது. "அப்போ நாளைக்கு எமர்ஜென்சில ஆள் கம்மின்னு சொல்லியிருந்தாங்களே, அங்க யாரு போவாங்க?"

அவள் கையில் சுடுதண்ணீரும் சோடா உப்பும் இருந்ததுபோல எனக்குத் தோன்றியது, மாமா. சிரித்தேன், கண்ணும் நிறைந்துவிட்டது.

"அது இனி உம்மடை கவலை இல்லை, பிள்ளை. வாரும், உம்மடை லொக்கரைக் காட்டுறன்."

பூல் நேர்ஸ்களுக்கு லொக்கர் கிடையாது. பையைத் தூக்கிக்கொண்டு வார்ட் வார்ட்டாகத் திரிவார்கள். அவள் பையை உள்ளே வைத்துப் பூட்டினாள். திறந்து பார்த்தாள். திரும்பப் பூட்டினாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீங்கள் நல்லவரா, பழக்கப்பட்டவரா என்ற கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. உங்களுக்கும் ஒருவர் அப்படி வாதாடியிருக்கலாம் என்ற ஆற்றாமை மட்டும் குறையாமல் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தேன். பையின் தைல வாசனை போவதாக இல்லை. எங்கேயாவது காற்றுப்பட மாட்டவேண்டும். குசினிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி இருக்கிறது. அதில் உங்கள் தொப்பி இருக்கிறது.

பையைக் கதிரையில் தொங்கவிட்டிருக்கிறேன், மாமா.